படகில் ஃபோம் பாய் ஒட்டப் போகிறீர்களா? முதலில் தளத்தைத் தட்டிப் பாருங்கள்

தூண்டில் பழக்கம் உள்ளவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்றிருக்கும். தோட்டத்துக் கால்வாயில் மூங்கில் கழியோடு உட்கார்ந்து வளர்ந்தவர்கள், பட்டணத்துக்குக் குடிவந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அதை விடுவதில்லை. இப்போது மூன்று நான்கு பேர் சேர்ந்து பணம் போட்டு ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கி, கோலசிலாங்கூர், பாகான் டத்தோ, லூமுட் என்று போய் வருகிறார்கள். நாங்களும் அப்படித்தான். மூன்று பேர் கூட்டு. 16 அடி நீளம். ஏற்கெனவே ஒருவர் ஓட்டித் தள்ளிய படகு.

வாங்கிய இரண்டாம் மாதத்தில் ஒரு விபத்து நடந்தது. எங்களில் மூத்தவரான அண்ணன், மீன் இழுத்ததும் அவசரமாக எழுந்தார். தளத்தில் தண்ணீரும் இறால் தோலும் கிடந்தன. கால் வழுக்கியது, கையை ஊன்றி விழுந்தார், மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவர் லோரி ஓட்டுநர். ஆறு வாரம் மாவுக்கட்டு, ஆறு வாரமும் லோரியில் ஏற முடியவில்லை. ஒரு நாள் பொழுதுபோக்குக்குப் போய் ஒரு குடும்பத்தின் வருமானம் அடிபட்டது.

அதற்குப் பிறகுதான் தளத்துக்கு ஃபோம் பாய் போடுவது என்று முடிவு செய்தோம். முதல் தடவை போட்டது இரண்டே மாதத்தில் உரிந்து வந்தது. இரண்டாவது தடவை போட்டது இன்னும் அசையாமல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே வேலையை யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும்.

ஃபோம் பாய் என்பது என்ன?

நாம் வீட்டில் போடும் இலேசான சிலிப்பர், ஓட்டக் காலணியின் நடு அடுக்கு, பிள்ளைகள் தரையில் கோத்து விளையாடும் எழுத்துப் பாய் ஆகியவை பெரும்பாலும் எந்தப் பொருளில் செய்யப்படுகின்றனவோ, அதே வகைப் பொருள்தான் இது. இதை ஈ.வி.ஏ. என்பார்கள். எத்திலீன் வைனைல் அசிட்டேட் என்பதன் சுருக்கம். படகுக்காகச் செய்யப்படும் பாய் வெயிலைத் தாங்கும்படி தயாரிக்கப்பட்டது. அதன் அடிப்பக்கத்தில் பசை தடவி, மேலே காகிதம் ஒட்டி விற்பார்கள்.

இதன் உள்ளே இருக்கும் காற்றறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியவை. அதனால் பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்ச் போலத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. மேற்பரப்பு சொரசொரப்பாகவோ கோடு கோடாகவோ இருப்பதால் ஈரத்திலும் கால் பிடிக்கும். முட்டி போட்டு உட்கார்ந்தால் வலிக்காது. ஈயக் குண்டு கை தவறி விழுந்தாலும் ‘டம்’ என்ற சத்தம் இல்லை.

பொதுவாகக் கிடைப்பது 5 அல்லது 6 மில்லிமீட்டர் தடிமன். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அழகை மட்டும் பார்க்காதீர்கள். நம் ஊர் மத்தியான வெயிலில் கறுப்புப் பாயில் வெறுங்காலை வைக்க முடியாது. இளஞ்சாம்பல், மணல் நிறம் போன்றவை சூட்டைக் குறைவாக வாங்கும்.

முதல் தடவை செய்த தவறுகள்

சனிக்கிழமை காலை படகை நன்றாகக் கழுவினோம். பளபளப்பாக இருக்கட்டும் என்று அதற்கு முந்தின வாரம்தான் மெழுகு பாலீஷ் போட்டிருந்தோம். மத்தியானம் ஒரு மணிக்கு வெயிலில் நின்று பாயை ஒட்டினோம். மூலைகளைக் கூர்மையாகச் சதுரமாக வெட்டினோம். சாமான் அறையின் மூடியையும் தளத்தையும் சேர்த்து ஒரே துண்டாகப் போட்டு, பிறகு பிளேடால் கோடு கிழித்தோம். மறுநாள் விடியற்காலையில் படகு தண்ணீரில் இருந்தது.

இதில் ஏறக்குறைய எல்லாமே தவறு. முதல் மாதத்தில் மூலைகள் தூக்கிக்கொண்டன. இரண்டாம் மாதத்தில் மூடியின் ஓரம் முழுவதும் உரிந்தது. உரிந்த ஓரத்தில் கால் இடறும். அது வழுக்குவதைவிட ஆபத்து. சரி, எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று உரித்தபோதுதான் பெரிய விஷயம் தெரிந்தது. உட்காரும் பலகைக்கு முன்னால் தளத்தில் ஓரிடம், பெருவிரலால் அழுத்தினால் உள்ளே போனது.

ஜெட்டிக்குப் பக்கத்தில் ஃபைபர் வேலை செய்யும் பெரியவர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். சுத்தியலின் மரக் கைப்பிடியால் இரண்டு தட்டு தட்டினார். “பாவா சூடா பூசோக்” என்றார். அடியில் அழுகிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தின் மேல்தான் நாங்கள் புதுப் பாயை ஒட்டி, அதன் மேல் ஐஸ் பெட்டியையும் வைத்திருந்தோம்.

அடியில் அழுகுவது எப்படி?

ஃபைபர் படகின் தளம் பார்வைக்கு ஒரே கட்டியாகத் தெரியும். ஆனால் பல படகுகளில் மேலே ஒரு ஃபைபர் அடுக்கு, கீழே ஒரு ஃபைபர் அடுக்கு, நடுவில் பிளைவுட் அல்லது வேறு இலேசான மரம் இருக்கும். ரொட்டிக்கு நடுவில் சார்டின் வைப்பது போல. நாற்காலி, தூண்டில் தாங்கி, கயிறு கட்டும் கொண்டி என்று ஒவ்வொன்றுக்கும் திருகாணி அடிக்கும்போது மேலடுக்கில் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டையைச் சரியாக அடைக்காவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கும். இறங்கிய தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. மரம் ஊறி, வருடக்கணக்கில் மெல்ல அழுகும்.

மேலே ஃபோம் பாய் இருந்தால் விரிசலும் தெரியாது, திருகாணி ஓட்டையில் கசியும் தண்ணீரும் தெரியாது. பாய் மெத்தென்று இருப்பதால் தளம் அமுங்குவதைக்கூடக் கால் உணராது. ஒரு நாள் கனமானவர் ஒருவர் ஏறி நிற்கும்போது தளம் உடைந்து கால் உள்ளே போகலாம். நடுக்கடலில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே பாய் வாங்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. தளத்தை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கணீரெனக் கேட்கும். ஊறிய இடம் ‘தொப் தொப்’ என்று மந்தமாகக் கேட்கும். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிறகு வெறுங்காலோடு நடந்து பாருங்கள். எங்காவது தளம் அமுங்கினால் குறித்து வையுங்கள். திருகாணிகளைச் சுற்றிப் பழுப்பு நிறக் கறை இருக்கிறதா என்று பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். எங்கள் படகில் அழுகிய பகுதியை வெட்டி எடுத்து, புதுப் பலகை வைத்து, மேலே ஃபைபரும் ரெசினும் போட்டுச் சரிசெய்தார்கள். பாய்க்குக் கொடுத்ததைவிட அதற்குத்தான் அதிகம் செலவானது. ஆனாலும் அது வீண் செலவு என்று மூவரில் ஒருவரும் சொல்லவில்லை. புதிதாக ரெசினோ சாயமோ போட்டிருந்தால் அது முழுதாகக் காயும் வரை பொறுத்திருக்க வேண்டும். காயாத சாயத்தின் மேல் பாயை ஒட்டினால், உரியும்போது சாயத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு வரும்.

எத்தனை தாள் வேண்டும்?

கடைகளில் அதிகம் கிடைக்கும் ஓர் அளவு 240 சென்டிமீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம். அதாவது ஏறக்குறைய 23 சதுர அடி. உங்கள் படகில் முன்தளம் 5 அடிக்கு 4 அடி, நடுத்தளம் 7 அடிக்கு மூன்றரை அடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 44.5 சதுர அடி. கணக்குப்படி இரண்டு தாள் போதும் என்று தோன்றும். போதாது. வளைவுகளிலும் மூலைகளிலும் துண்டு வீணாகும். அதோடு தாளின் அகலம் மூன்று அடிக்கும் சற்றுக் குறைவு. மூன்றரை அடித் தளத்துக்கு இன்னொரு துண்டைச் சேர்த்தே ஆக வேண்டும். இந்தக் கணக்குக்கு மூன்று தாள் வாங்குவதுதான் சரி. மீதியை எறியாதீர்கள், பின்னால் பழுது பார்க்க அதே நிறம் கிடைக்காமல் போகலாம்.

தையல்காரர் போலக் காகிதத்தில் வெட்டுங்கள்

பாயில் நேராகக் கத்தியை வைக்காதீர்கள். தையல்காரர் காகிதத்தில் அளவு வெட்டிக்கொள்வது போல, தடித்த காகிதத்தைத் தளத்தில் விரித்து, நகராமல் டேப் போட்டு, விளிம்பை மார்க்கர் பேனாவால் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். எது மேல்பக்கம், எது படகின் முன்பக்கம் என்று காகிதத்திலேயே எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் பாயைத் தலைகீழாக வெட்டிவிடுவீர்கள். எங்களுக்கு ஒரு துண்டு அப்படித்தான் போனது.

வெட்டும்போது கவனிக்க வேண்டியவை இவை:

- தளத்தின் விளிம்பு வரை பாயைக் கொண்டு போகாதீர்கள். சுற்றிலும் சிறிது இடைவெளி விட்டால்தான் கயிறும் காலும் உரசி ஓரம் தூக்காது.
- எல்லா மூலைகளையும் வட்டமாக வெட்டுங்கள். ஐம்பது காசு நாணயத்தை வைத்து வரைந்தால் போதும். உரிதல் எப்போதும் கூர்மையான மூலையில்தான் தொடங்கும்.
- சாமான் அறை மூடிக்குத் தனித் துண்டு. மூடியும் தளமும் சேரும் இடத்தின் மேல் பாய் போகக் கூடாது.
- இரண்டு துண்டுகளுக்கு நடுவில் அரை சென்டிமீட்டர் அளவு வாய்க்கால் போல இடைவெளி விடுங்கள். தண்ணீர் அதன் வழியே வடியும்.
- தண்ணீர் வெளியேறும் துளை, பெட்ரோல் தாங்கியைப் பார்க்கும் மூடி, திருகாணித் தலைகள் ஆகியவற்றை ஒருபோதும் மூடாதீர்கள்.

துடைப்பதுதான் பாதி வேலை

பாயின் பசை தூசியில் ஒட்டாது, எண்ணெயில் ஒட்டாது, மெழுகில் சுத்தமாக ஒட்டாது. முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். பாலீஷ் போட்ட படகாக இருந்தால், மெழுகு நீக்குவதற்கென்றே விற்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். அசிட்டோன் மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது மெழுகை முழுதாக எடுக்காமல் பரப்பிவிடவும் கூடும்.

மெழுகு போனபின் அசிட்டோனால் துடைக்கலாம். இரண்டு வெள்ளைத் துணி வேண்டும். ஒரு துணியை நனைத்துத் துடைத்து, அது ஆவியாகும் முன்பே மறு துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த பிறகு துடைத்தால் அழுக்கு அங்கேயே தங்கிவிடும். சாயம் அடித்த தளத்தில் அசிட்டோன் படக் கூடாது, சாயம் கரையும். அங்கே கைகளைச் சுத்தம் செய்யப் பயன்படும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பயன்படுத்துங்கள்.

சுத்தமாகிவிட்டதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சிறிது தண்ணீரைத் தெளியுங்கள். சேம்பு இலையில் உருளுவது போல முத்து முத்தாக நின்றால் மெழுகு இன்னும் இருக்கிறது. பரவி நனைத்தால் தளம் தயார். பிறகு ஈரம் போக நன்றாகக் காயவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அசிட்டோன் மிக எளிதில் தீப்பிடிக்கும். படகில் பெட்ரோல் தாங்கியும் இருக்கிறது. திறந்த வெளியில், கையுறை போட்டு வேலை செய்யுங்கள். சிகரெட் பிடிப்பவர்கள் அந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

ஒட்டும் நாள்

காலை நேரமும் நிழலும் வேண்டும். கூரை இல்லையென்றால் கேன்வாஸ் கட்டிக்கொள்ளுங்கள். தளத்தில் உள்ளங்கையைச் சாவகாசமாக வைத்திருக்க முடிகிற சூடுதான் சரி. கொதிக்கும் தளத்தில் பசை பட்ட இடத்திலேயே சட்டெனப் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. வெயிலில் கிடந்த பாயும் சற்று விரிந்திருக்கும். மாலையில் சுருங்கி ஓரங்களை இழுக்கும். விடியற்காலைப் பனி ஈரம் தளத்தில் இருந்தாலும் ஒட்டாதீர்கள்.

காகிதத்தை உரிக்காமல் பாயை முதலில் அப்படியே வைத்துப் பாருங்கள். சரியாக உட்கார்ந்தால் ஒரு பாதியை டேப்பால் நகராமல் கட்டுங்கள். மறு பாதியைத் தூக்கி, அதன் காகிதத்தை மட்டும் உரித்து வெட்டி எடுங்கள். பிறகு நடுவிலிருந்து வெளியே மெல்ல இறக்கிக்கொண்டே கையால் தடவுங்கள். காற்று உள்ளே தங்கக் கூடாது. பாயை இழுத்து ஒட்டாதீர்கள். இழுத்தது பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். இந்தப் பாதி முடிந்ததும் டேப்பை எடுத்து அடுத்த பாதி. இதற்கு இரண்டு பேர் வேண்டும்.

இந்தப் பசை அழுத்தினால்தான் பிடிக்கும். ஆகவே கடைசியில் உருளையால், இல்லாவிட்டால் சப்பாத்திக் கட்டையாலாவது, எல்லா இடமும் அழுத்தி உருட்டுங்கள். ஓரங்களுக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள்.

அதன்பின் பொறுமை. குறைந்தது ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது. பசை முழுப் பலம் பெற ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். சனிக்கிழமை ஒட்டி ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகிற ஆசையை அந்த ஒரு வாரம் மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு

ஒவ்வொரு முறை திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மேற்குக் கரை ஆற்றுமுகங்களில் சேறு அதிகம். அது பாயின் கோடுகளில் காய்ந்து இறுகினால் சொரசொரப்பு போய்விடும். மறுபடி வழுக்கத் தொடங்கும். மென்மையான தூரிகையும் சாதாரண சோப்பும் போதும். மீன் இரத்தத்தை ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். காய்ந்துவிட்டால் சோப்புத் தண்ணீரில் சற்று ஊறவிட்டுத் தேய்க்கலாம்.

பெட்ரோல், இரண்டடி இயந்திரத்துக்கு ஊற்றும் எண்ணெய், தின்னர், அசிட்டோன் ஆகியவை பாய்க்கு விரோதி. பாய் உப்பிப்போகும், பசையும் தளரும். சிந்தினால் உடனே துடைத்துக் கழுவுங்கள். தெளிக்கும் வகை வெயில் களிம்பும் கறை விடும். கரையிலேயே பூசிக்கொண்டு படகில் ஏறுங்கள்.

தண்ணீரைப் பீய்ச்சும் இயந்திரத்தைப் பயன்படுத்தினால், அகலமாகத் தெளிக்கும் முனையைப் போட்டு, ஓர் அடிக்கு மேல் தள்ளி நின்று அடியுங்கள். ஓரங்களை நோக்கி அடித்தால் நீங்களே உரித்துவிடுவீர்கள். இறால் நறுக்கவும் மீன் வெட்டவும் பலகை வைத்துக்கொள்ளுங்கள். கொக்கி குத்திக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காமல், நுழைந்த வழியே திருப்பி எடுங்கள். ஐஸ் பெட்டியை வாரக்கணக்கில் ஒரே இடத்தில் வைத்தால் பள்ளம் விழும். வீட்டுக்கு வந்ததும் இறக்கிவிடுங்கள். ஈரத்தோடு கேன்வாஸ் போட்டு மூடினால் பூஞ்சை பிடிக்கும், காயவிட்டு மூடுங்கள்.

ஓரம் தூக்கினால் அன்றைக்கே கவனியுங்கள். உள்ளே போன மண்ணைத் துடைத்து, உலரவிட்டு, படகு வேலைக்கு ஏற்ற பசையைத் தடவி அழுத்தி வைத்தால் நிற்கும். பெரிய பகுதி போய்விட்டால், தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டிக்கொண்டே மெல்ல உரித்து, பிளாஸ்டிக் தகட்டால் மிச்சப் பசையைச் சுரண்டி எடுங்கள். அப்படி உரிக்கும் ஒவ்வொரு முறையும், மறக்காமல் தளத்தைத் தட்டிப் பாருங்கள்.

அண்ணனின் கை குணமாகி, அவர் மறுபடி லோரி ஓட்டுகிறார். எங்களோடு படகுக்கும் வருகிறார். ஏறியவுடன் பாயைக் காலால் தேய்த்துப் பார்ப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. நாங்கள் சிரித்தால், “தம்பி, எனக்குத்தானே வலி தெரியும்” என்பார். பாய் போட்டுவிட்டோம் என்பதற்காகப் பாதுகாப்பு அங்கியைக் கழற்றி வைக்க அவர் யாரையும் விடுவதில்லை. பாய் நம்மைப் படகுக்குள் நிற்க வைக்கத்தான் உதவும். தண்ணீருக்குள் விழுந்துவிட்டால் காப்பாற்றுவது அங்கிதான்.